பழைய வாக்குவம் கிளீனர் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கார் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்கும் கார் பூட் சேலில், சில பவுண்டுக்கு ஹூவர் ஜூனியர் என்ற பழைய வாக்குவம் கிளீனர் கிடைக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை தானாகப் பிளக்கைத் தேடும். தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். ஐம்பது அறுபது வருடம் பரணில் கிடந்த மெஷினுக்கு, திரும்ப முதல் தடவை பாயும் மின்சாரம்தான் மிகப் பெரிய ஆபத்து. என் கைக்கு வந்த எரிந்த ஆர்மேச்சர்களில் (மோட்டாருக்குள் சுழலும், செம்புக் கம்பி சுற்றிய பகுதி) பலவும், "ஓடுதான்னு சும்மா போட்டுப் பார்த்தேன்" என்று யாரோ போட்ட பத்து நொடியில் போனவை. ஆர்மேச்சர் போனால் கம்பியைத் திரும்பக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதே மாடலில் இன்னொரு மெஷினைப் பலி கொடுக்க வேண்டும்.

நான் இருப்பது மேற்கு லண்டனில். ஏ40 சாலையில் போகும்போது பெரிவேலில் ஒரு நீண்ட வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்கலாம். 1933-ல் ஹூவர் தொழிற்சாலையாகத் திறந்தது. இன்று முன்பக்கம் வீடுகள், பின்பக்கம் சூப்பர் மார்க்கெட். அங்கே செய்த மெஷின்கள் இந்தப் பக்கத்து வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் இன்னும் தூங்குகின்றன. ஊரில் மிக்ஸி பிரித்துப் பார்த்த யாருக்கும் இவற்றின் மோட்டார் புதிதாகத் தெரியாது. சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் அதே கார்பன் கட்டை, அது உரசி ஓடும் செம்புப் பட்டை உருளையான அதே கம்யூட்டேட்டர், அசையாமல் சுற்றி நிற்கும் அதே ஃபீல்ட் காயில். மிக்ஸியில் கற்ற கை இங்கே அப்படியே பேசும்.

பிளக் போடும் முன்

முதலில் பெயர்த்தகட்டைப் படியுங்கள். போருக்கு முந்தைய பிரிட்டனில் ஊருக்கு ஊர் வோல்டேஜ் வேறு. சில இடங்களில் டிசி மின்சாரமே இருந்தது. அதனால் 200–220 வோல்ட் என்றும், 230–250 என்றும், 'ஏசி/டிசி' என்றும் தகட்டில் பார்க்கலாம். 200 வோல்ட் மெஷினை இன்றைய மின்சாரத்தில் ஓட்டினால் ஓடும், ஆனால் சூடு ஏறும். அமெரிக்க மெஷின் என்றால் 110–120 வோல்ட். எலக்ட்ரோலக்ஸின் 1937 மாடல் முப்பது போன்ற அழகியை 230-ல் சொருகினால் கதை அதோடு முடிந்தது. இங்கே கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மஞ்சள் பெட்டி டிரான்ஸ்ஃபார்மர் 110 வோல்ட் தரும். பழையது மலிவாகவே கிடைக்கும். 60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டிசியிலேயே ஓடும் மோட்டாருக்கு அது பொருட்டில்லை.

அப்புறம் ஒயர். பழைய ரப்பர் ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். மேலே துணி உறை நன்றாக இருக்கும். உள்ளே ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அப்படி நொறுங்கினால் யோசிக்காமல் மாற்றுங்கள். எனக்கு அசல் பாகங்களின்மேல் பெரிய பிடிவாதம் உண்டு, ஒரு திருகாணியைக்கூடத் தூக்கிப்போட மனம் வராது. ஆனால் ஒயர் விஷயத்தில் மட்டும் அந்தப் பிடிவாதம் கிடையாது. துணி உறை போட்ட புது ஒயர் கிடைக்கிறது, பார்வைக்குப் பழசு மாதிரியே இருக்கும். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பிரிட்டிஷ் ஒயரில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க ஒயரில் கறுப்புதான் லைன். இரண்டு நாட்டு மெஷினும் வைத்திருப்பவர்கள் குழம்பும் இடம் இது.

கடைசியாக சீரிஸ் பல்ப், அதாவது மின்சாரம் ஒரு பல்பைக் கடந்துதான் மெஷினுக்குப் போகும்படி இணைப்பது. பல்பைச் சீரிஸில் போட்டுச் சோதிப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் 60 வாட் பல்ப் இங்கே உதவாது. மோட்டார் நன்றாக இருந்தாலும் அது முழுசாக எரிந்து நம்மை ஏமாற்றும். மோட்டாரின் வாட்டுக்கு ஏறக்குறைய சமமான பல்ப் வேண்டும். நான் 400 வாட் ஹாலோஜன் குழல் ஒன்றை ஹோல்டரோடு பலகையில் அடித்து வைத்திருக்கிறேன். ஸ்விட்ச் போட்டதும் பளிச்சென்று எரிந்து, மோட்டார் சுற்றுப் பிடித்ததும் மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்திலேயே நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட், இல்லாவிட்டால் மோட்டார் சிக்கியிருக்கிறது. எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது.

அறிகுறி: சத்தமே இல்லை

பிரிட்டிஷ் பிளக்கில் ஃப்யூஸ் உள்ளேயே இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். அது சரி என்றால் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் லைன், நியூட்ரல் கால்களுக்கு நடுவே மீட்டர் வையுங்கள். ஸ்விட்சை 'ஆன்' நிலையில் விட்டுவிடுங்கள். நல்ல மோட்டார் சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை காட்டும். இந்த மோட்டாரில் ஸ்விட்ச், ஃபீல்ட், கார்பன், ஆர்மேச்சர் எல்லாம் ஒரே சங்கிலி. எங்கே ஒரு கண்ணி விட்டாலும் மொத்தமும் செத்துவிடும்.

மீட்டர் எதுவும் காட்டவில்லையென்றால் ஃபேனைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். எண் வந்து வந்து போனால் கார்பன் ஒட்டாமல் நிற்கிறது. பித்தளைக் கூட்டுக்குள் பழைய தூசி அடைத்து, ஸ்பிரிங் தள்ளியும் கார்பன் இறங்கியிருக்காது. வெளியே எடுத்து, கூட்டைத் துடைத்து, கார்பனின் பக்கங்களைக் காகிதத்தில் தேய்த்தால் போதும். எடுக்கும்போது எந்தப் பக்கம், எந்த முகம் என்று பென்சிலால் குறியுங்கள். திருப்பிப் போட்டால் வளைவு பொருந்தாமல் பொறி பறக்கும்.

எண் அசையவே இல்லையென்றால் ஒயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தைச் சந்தேகியுங்கள். தினமும் மடங்கி மடங்கி அங்கேதான் செம்பு அறும். அடுத்தது ஸ்விட்சின் தொடுபுள்ளி.

அறிகுறி: உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். நின்ற மோட்டாரில் மின்சாரம் பாய்ந்தால் சில நொடியில் காயில் வேகும். கையால் ஃபேனைச் சுற்றுங்கள். இறுகி, பிசின் மாதிரி நகர்ந்தால் பழைய கிரீஸ் காய்ந்துவிட்டது.

ஒரு ஜனவரியில் பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பம் ஒன்று பாட்டியின் சிலிண்டர் மெஷினைக் கொடுத்தார்கள். கோடையில் ஓடுமாம், குளிர்காலத்தில் மட்டும் ஓடாதாம். பிரித்தேன். மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ்ஷைச் சுற்றியிருந்த கம்பளி வளையம் வெள்ளையாக, மெழுகு பூசியதுபோல் இருந்தது. விரலில் எடுத்ததும் கை சூட்டில் உருகியது. முகர்ந்தால் தேங்காய் எண்ணெய். ஊரில் தையல் மெஷினுக்கும் கதவுக் கீலுக்கும் விடுகிற பழக்கத்தில் யாரோ விட்டிருக்கிறார்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். தவிர, நாளாக நாளாகப் பிசினாகவும் மாறும். வளையத்தைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிழிந்து, காயவைத்து, மோட்டார் புஷ்ஷுக்கான லேசான மினரல் எண்ணெய் நாலு சொட்டு விட்டதும் ஃபேன் ஒரு விரல் தட்டில் ஏழெட்டுச் சுற்றுப் போனது. பாட்டிக்கு வீடியோ அனுப்பினோம்.

அறிகுறி: கார்பன் பக்கம் தீப்பொறி

காற்றுத் துளை வழியாக இருட்டில் பாருங்கள். கார்பன் நுனியில் மட்டும் சின்ன நீலப் பொறி இருந்தால் அது இந்த மோட்டார்களின் இயல்பு. மஞ்சளாகத் தெறித்தால் கவனிக்க வேண்டும். கம்யூட்டேட்டரைச் சுற்றி முழு வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்துங்கள்.

முதலில் கார்பன் நீளம். ஆறேழு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தது என்றால் ஸ்பிரிங்குக்கு அழுத்தம் போதாது. இந்தப் பழைய அளவுகள் கடையில் எப்போதும் கிடைக்காது. கொஞ்சம் பெரிய கார்பனை வாங்கி, கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, நாலு பக்கமும் நேராகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். கூட்டுக்குள் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆடவும் கூடாது. ரொம்பக் கெட்டியான கார்பன் செம்பைத் தின்றுவிடும். அதனால் இதே வேகத்தில் ஓடும் மோட்டாருக்கான கார்பனையே தேடுங்கள்.

புதுக் கார்பனின் முகம் தட்டையாக இருக்கும், கம்யூட்டேட்டரோ உருண்டை. மெல்லிய உப்புத்தாள் நாடாவை, சொரசொரப்பு மேலே பார்க்கிற மாதிரி கம்யூட்டேட்டரில் சுற்றி, கார்பனை அதன்மேல் உட்காரவைத்து, ஆர்மேச்சரைச் சுழலும் திசையில் கையால் சுற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் முகம் குழிந்து பொருந்திவிடும். எமரித் தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே தங்கி வினை வைக்கும்.

கம்யூட்டேட்டரின் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நிறையப் பேர் கெடுப்பது இங்கேதான். கார்பன் ஓடும் பாதையில் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில், சீராக, லேசாக மினுங்கும் படலம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது அழுக்கு இல்லை. கார்பனும் செம்பும் வருடக்கணக்கில் சேர்ந்து உருவாக்கிய வழவழப்பு. அதைப் பளபளவென்று தேய்த்து எடுத்தால் பொறி கூடும், கார்பனும் சீக்கிரம் தேயும். கருகல், பள்ளம், ஒரு பட்டையில் மட்டும் எரிந்த தழும்பு இருந்தால்தான் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு பட்டைகளுக்கு நடுவிலிருக்கும், மின்சாரம் கடத்தாத மைக்கா செம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சமமாகிவிட்டால் ரம்பத் துண்டு ஒன்றைத் தீட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டுங்கள். பொறுமையான வேலை. நான் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஒரு மாலை முழுக்க இதையே செய்வேன்.

எல்லாம் செய்தும் நெருப்பு வளையம் போகவில்லையா? மீட்டரைப் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் வைத்துச் சுற்றிவாருங்கள். எல்லா ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு ஜோடியில் மட்டும் எண் தாவினால் அந்தச் சுற்று அறுந்திருக்கிறது; தாழ்ந்தால் ஷார்ட். வைண்டிங் கடையில் கட்டித் தருவார்கள், ஆனால் வேகமாகச் சுற்றும் ஆர்மேச்சரைப் பாலன்ஸ் பார்த்துத் தருகிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

வெளியே எடுத்த மோட்டாரைச் சோதிக்கும்போது ஃபேன் இல்லாமல் நேராக வீட்டு மின்சாரத்தில் போடாதீர்கள். சுமை இல்லாத சீரிஸ் மோட்டார் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆர்மேச்சர் சிதறும் அளவுக்கு. ஃபேன் மாட்டியிருக்க வேண்டும், சீரிஸ் பல்பும் இருக்க வேண்டும்.

அறிகுறி: கீச்சு, உறுமல், அதிர்வு

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேளுங்கள். சரளைக் கல்லில் சைக்கிள் போவதுபோல் கேட்டால் பேரிங் போய்விட்டது. கீச்சென்று வந்து சூடானதும் அடங்கினால் கிரீஸ் காய்ந்திருக்கிறது.

வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 8, 22, 7 மில்லிமீட்டர் என்று வந்தால் அது 608 எண் பேரிங், எங்கும் கிடைக்கும். பழைய அமெரிக்க மெஷின்களில் அங்குல அளவு இருக்கலாம். ஃபேன் நட்டு பல மாடல்களில் இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருகித் திருகி மரையை உடைத்தவர்கள் உண்டு. முதலில் நட்டுக்கு வெளியே தெரியும் மரையின் சாய்வைப் பார்த்துவிட்டுத் திருகுங்கள்.

பேரிங் நன்றாக இருந்தும் கைப்பிடி வரை அதிர்ந்தால் ஃபேனைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் பழைய அப்ரைட் மெஷின்களில் தூசி முதலில் ஃபேனைக் கடந்துதான் பைக்குப் போகும். கல், ஊசி, நாணயம் எல்லாம் அதன்மேல் மோதும். ஒரு இறக்கையின் ஓரம் உடைந்தாலே பாலன்ஸ் போய்விடும், பேரிங்கும் தொடர்ந்து அடி வாங்கும். விரிசல் விட்ட ஃபேனை ஒட்டிப் போடாதீர்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள். ஒரு பைக்குள் எனக்குக் கிறிஸ்துமஸ் மரத்து ஊசியிலைகளும், 1971-ல் தசம நாணயம் வருவதற்கு முன்பு புழங்கிய பெரிய வெண்கலப் பென்னி ஒன்றும் கிடைத்தன. அந்தப் பென்னியின் விளிம்புக்குச் சரியாகப் பொருந்துகிற பிறைத் தழும்பு ஃபேன் இறக்கையில் இருந்தது.

அறிகுறி: ஓடுகிறது, இழுக்கவில்லை

உள்ளங்கையால் குழாய் வாயை அடையுங்கள். மோட்டார் சத்தம் மேலே ஏற வேண்டும். கஷ்டப்படுகிறது என்று நினைத்துப் பலர் பயந்து அணைப்பார்கள். உண்மையில் காற்று நின்றால் ஃபேனுக்குச் சுமை குறைகிறது, அதனால்தான் வேகம் ஏறுகிறது. இந்தச் சத்தம் கையில் மீட்டர் இல்லாமலே நிறையச் சொல்லும். கை வைக்காமலே உச்சத்தில் பாடினால் எங்கோ அடைப்பு. கை வைத்தும் சத்தம் மாறவில்லையென்றால் எங்கோ காற்று கசிகிறது.

அடைப்பு என்றால் பெரும்பாலும் பை. பார்க்கக் காலியாக இருக்கும், ஆனால் துணியின் கண்கள் நுண்தூசியால் மூடியிருக்கும். உள்வெளியாகத் திருப்பி, இன்னொரு மெஷினால் உறிஞ்சுங்கள். அச்சு எழுத்து உள்ள துணிப்பையைத் தண்ணீரில் போடாதீர்கள். சாயம் போகும், பையும் சுருங்கலாம்.

கசிவு என்றால் ஊதுபத்தி. ஏற்றி, புகையை இணைப்புகள், மூடி ரப்பர், குழாயின் நீளம் என்று மெதுவாக நகர்த்துங்கள். கசிகிற இடத்தில் புகை சட்டென்று உள்ளே வளையும். நெருப்பு நுனியை மட்டும் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், உள்ளே இருப்பது காய்ந்த பஞ்சு. பின்னல் குழாய்களில் மேலே துணி அழகாக இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். முனைப் பகுதிதான் முதலில் போகும். நீளம் அனுமதித்தால் ஒரு சாண் வெட்டிவிட்டு முனையைத் திரும்ப மாட்டலாம்.

அறிகுறி: பிரஷ் உருளை சுற்றவில்லை, அல்லது தூசியை முன்னால் தள்ளுகிறது

பெல்ட்தான். நீண்டு தொய்ந்த பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாடை வரும். முன்னால் தூசி தெறித்தால் பெல்ட் தப்பாகத் திரும்பியிருக்கிறது, உருளை எதிர்த்திசையில் சுற்றுகிறது. பல மெஷின்களில் பெல்ட் கால்வாசிச் சுற்று முறுக்கிக்கொண்டுதான் உருளைக்குப் போகும். அடியில் அம்புக்குறி இருக்கும். உருளையின் இரு முனைகளிலும் சுற்றிய முடியை வெட்டி எடுங்கள். 1926-க்குப் பிந்தைய ஹூவர்களில் உருளையில் உலோகப் பட்டைகளும் உண்டு, கம்பளத்தைத் தட்டுவதற்கு. அவை தேய்ந்திருந்தால் அப்படியே விடுங்கள்.

அறிகுறி: தொட்டால் ஷாக், அல்லது பிரேக்கர் விழுகிறது

இதில் விளையாட்டே வேண்டாம். ரேடியோவில் கரகரப்பு வராமலிருக்கப் பல மெஷின்களில் சின்ன கப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். பழைய காகிதக் கப்பாசிட்டர் கசிந்து, உலோக உடம்புக்கே மின்சாரத்தைக் கொண்டுவரும். எடுத்துவிட்டு, லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எக்ஸ்2 வகை, உடம்புக்குப் போவது ஒய்2 வகை என்று போடுங்கள். வேறு எந்தக் கப்பாசிட்டரும் இங்கே கூடாது. பழையதன் கூட்டைக் காலி செய்து புதியதை உள்ளே ஒளித்துவைத்தால் தோற்றம் மாறாது.

அப்புறம் 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவைத் தடுக்கும் காப்பு நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கும் மீட்டர்), மின்கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே பாருங்கள். நான் 2 மெகாஓமுக்குக் கீழே காட்டும் எதையும் ஓட்டுவதில்லை. ஈரம் காரணமாக இருந்தால் சில நாள் வெதுவெதுப்பான அலமாரியில் வைத்ததும் எண் ஏறும். உலோக உடம்பு, இரண்டு கம்பி ஒயர் என்று வந்த மெஷினுக்கு மூன்று கம்பி ஒயர் போட்டு எர்த் கொடுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிடி இல்லாத பிளக்கில் எதையும் சோதிக்காதீர்கள்.

அறிகுறி: வாடை

புழுங்கிய தூசி வாடை முதல் சில நிமிடம் வரும், போய்விடும். வார்னிஷ் கருகும் வாடை, காரமும் தித்திப்பும் கலந்தது, காயிலிலிருந்து வருகிறது, நிறுத்துங்கள். மீன் வாடை வந்தால் மோட்டாரை விட்டுவிட்டு ஸ்விட்சையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். பேக்கலைட் போன்ற பழைய பிளாஸ்டிக் சூடேறினால் அப்படித்தான் மணக்கும், உள்ளே ஒரு திருகாணி தளர்ந்திருக்கும்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அது அந்தக் காலத்து வீட்டின் தூசி. ஈயப் பெயின்ட், கல்நார் எல்லாம் கலந்திருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் எடுங்கள். ஒயரைச் சுற்றி வெள்ளையான நார் உறை தெரிந்தால் சுரண்டாமல் அப்படியே மூடிவிடுங்கள்.

கடைசியில்தான் பாலிஷ். குரோமில் துருப் புள்ளி இருந்தால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போகும். பெயின்ட் மங்கியிருந்தால் மெழுகோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திரும்ப அடிக்க வேண்டாம். கைப்பிடியில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் தேய்த்த இடத்தை நான் எப்போதும் அப்படியே விட்டுவிடுவேன். கழற்றிய பழைய பாகங்களை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, மெஷினோடு கட்டிவையுங்கள்.

பிறகு சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு நேரடி மின்சாரத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். அணைத்து, பிளக்கை எடுத்து, பேரிங் பக்கம் கை வைத்துப் பாருங்கள். கை தாங்கும் சூடு என்றால் சரி. கார்பனை ஒருமுறை வெளியே எடுத்து முகத்தைப் பாருங்கள்: முழு முகமும் மினுங்கினால் மூடிவிடலாம், ஓரம் மட்டும் மினுங்கினால் உப்புத்தாள் நாடாவை மறுபடி எடுங்கள்.